மேற்கோள் பட்டியலில் அப்பா பெயர் முன்னால் வந்துவிட்டால்

ஆய்வுக் கட்டுரையை முடித்த களைப்பில் மேற்கோள் பட்டியலை மென்பொருளிடம் விட்டுவிடுகிறோம். மெண்டலியோ எண்ட்நோட்டோ, உள்ளே போன விவரம் தப்பென்றால் அந்தத் தப்பையே ஒழுங்காக அடுக்கித் தரும். பினாங்கில், குளுகோர் பக்கம் ஓர் உணவுக்கடையில் உட்கார்ந்து, முதுகலை படிக்கும் நம் பிள்ளைகள் சிலரின் கட்டுரைகளைப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அதிகம் திருத்தியது பெயர்களைத்தான்.

மலேசியத் தமிழர்களான நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கவிதா ஏ/பி முனியாண்டி என்று ஓர் ஆய்வாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும் மென்பொருள் 'முனியாண்டி, கே. ஏ. பி.' என்று போட்டுவிடும். மகள் என்று பொருள்படும் மலாய்ச் சுருக்கம் முதலெழுத்தாகி, அப்பா பெயரே ஆய்வாளர் பெயராக நிற்கும். மலாய்க்காரர் பெயரில் வரும் 'பின்' (மகன்), 'பிந்தி' (மகள்) என்பவற்றுக்கும் இதே கதி. இன்னொரு பட்டியலில் அவரே 'கவிதா, எம்.' என்று வருவார். ஒருவருடைய உழைப்பு இரண்டு பேர் கணக்கில் பிரிந்துபோகிறது. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் அந்தக் கணக்கைப் பார்க்கிறார்கள் என்பதால் இது சின்ன விஷயமில்லை. கட்டுரையின் முதல் பக்கத்தையும் ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்கிட் (ORCID) தளத்தில் அவருடைய பக்கத்தையும் பார்த்து, அவர் தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுதுங்கள். உங்கள் பெயருக்கும் முதல் கட்டுரையிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். பிறகு மாற்ற வேண்டாம்.

அப்புறம் பாணிக் குழப்பம். பட்டியலை எழுத ஒவ்வோர் இதழும் ஒரு பாணி கேட்கும்; வான்கூவர், ஏபிஏ (APA) அப்படி இரண்டு. வான்கூவர் பாணியில் கட்டுரையில் வரும் வரிசைப்படி எண். ஏபிஏ பாணியில் அகர வரிசை. ஏபிஏ 7ஆம் பதிப்பில் 20 ஆசிரியர்கள் வரை எல்லாப் பெயரும் பட்டியலில் வர வேண்டும். வான்கூவரில் பொதுவாக 6 பேருக்குப் பிறகு 'எட் ஆல்' (மற்றும் பிறர்). ஓர் இதழ் ஏற்காத கட்டுரையை வேறோர் இதழுக்கு அனுப்பும்போது பழைய பாணி ஒட்டிக்கொண்டே போகும். முன்பு எங்கோ போய்த் திரும்பியது என்று பதிப்பாசிரியருக்குப் புரிந்துவிடும்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் இருக்கும் நிரந்தர அடையாளமான டிஓஐ (DOI) எண்ணை ஒட்டியதோடு நிற்காமல் திறந்து பாருங்கள். அதே கட்டுரைதானா? இதழே அதைத் திரும்பப் பெற்றுவிட்டதா? செயற்கை நுண்ணறிவு தந்த மேற்கோள் என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். இல்லாத கட்டுரைக்கு நிஜமான இதழின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தந்துவிடுகிறது. மற்றவர் பட்டியலிலிருந்து படிக்காமலே எடுப்பதும் ஆபத்துதான். அவர் ஆண்டைத் தப்பாகப் போட்டிருந்தால் அந்தத் தப்பு இனி உங்களுடையது.

அனுப்புவதற்கு முந்தைய நாள் பட்டியலை அச்செடுங்கள். கட்டுரையில் ஒரு மேற்கோள் வரும்போதெல்லாம் பட்டியலில் பென்சிலால் ஒரு கோடு. கோடு விழாததை எடுத்துவிடுங்கள், விடுபட்டதைச் சேருங்கள்.