எம்ஆர்ஐ சாயமும் நஷ்டஈட்டு வழக்கும்: அமெரிக்காவில் சிகிச்சை பெறுபவர்களுக்கு ஒரு படிப்படியான வழிகாட்டி

எம்ஆர்ஐ ஸ்கேனின்போது நரம்பில் ஏற்றும் காண்ட்ராஸ்ட் என்ற சாய ஊசியில் இருப்பது காடோலினியம் என்ற உலோகம். தனி நிலையில் அது உடலுக்கு நஞ்சு. அதனால் ஒரு வேதிக் கூண்டுக்குள் அடைத்துத்தான் மருந்தாக்குகிறார்கள். கூண்டு உடைவதற்குள் சிறுநீரகம் அதை வெளியேற்றிவிட வேண்டும். பெரும்பாலோருக்குப் பிரச்சினை வருவதில்லை. வந்தவர்கள் தொடுத்த வழக்குகளில் முதலில் எழும் கேள்வி, உடம்பில் ஏறியது எந்தச் சாயம் என்பதுதான். அதனால் இந்த வழிகாட்டி ஸ்கேனுக்கு முன்பிருந்தே தொடங்குகிறது.

(சிடி ஸ்கேனுக்குப் போடுவது அயோடின் சாயம். அதன் ஆபத்துகள் வேறு. இங்கே பேசுவது எம்ஆர்ஐ பற்றி மட்டும்.)

படி 1: சிறுநீரகத்தின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இரத்தப் பரிசோதனை அறிக்கையில், சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் இஜிஎஃப்ஆர் என்ற ஓர் எண் இருக்கும். அது 30-க்குக் கீழே இருந்தாலோ, டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாலோ, சிறுநீரகம் திடீரென்று பழுதாகியிருந்தாலோ, ஊசி போடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 2: எந்தச் சாயம் என்று பெயரைக் கேளுங்கள்

கூண்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று உலோகத்தைச் சுற்றி முழு வளையமாக மூடியிருக்கும். காடாவிஸ்ட், டோட்டாரெம், புரோஹான்ஸ் இந்த வகை. இன்னொன்று திறந்த சங்கிலி. ஆம்னிஸ்கான், மேக்னவிஸ்ட், ஆப்டிமார்க் இதில் சேரும். சங்கிலி வகையில் உலோகம் எளிதாகக் கழன்றுவிடும்.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தோல் தடித்து, இறுகி, மூட்டுகளை மடக்க முடியாமல் போகும் என்எஸ்எஃப் என்ற நோய்க்கும் இந்த ஊசிக்கும் உள்ள தொடர்பு 2006-ல் ஐரோப்பிய மருத்துவர்கள் மூலம் வெளிவந்தது. 2010-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஆம்னிஸ்கான், மேக்னவிஸ்ட், ஆப்டிமார்க் மூன்றையும் கடுமையான சிறுநீரக நோயாளிகளுக்குப் போடக்கூடாது என்றது. 2017-ல் ஐரோப்பா இன்னும் ஒரு படி மேலே போய், நரம்பில் ஏற்றும் சங்கிலி வகைச் சாயங்களில் பெரும்பாலானவற்றை நிறுத்தியே விட்டது. கல்லீரல் ஸ்கேனுக்கு மட்டும் இரண்டை விட்டுவைத்தது.

எனவே, “வளைய வகைச் சாயம் இருக்கிறதா?” என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம். அதற்காக, பயந்துபோய் தேவையான ஸ்கேனையே தள்ளிப்போடாதீர்கள். கட்டியைக் காட்டிக்கொடுக்கும் ஸ்கேனைத் தவிர்ப்பது அதைவிட ஆபத்து.

படி 3: ஆவணங்களை வாங்கி வையுங்கள்

ஸ்கேன் அறிக்கையில் சாயத்தின் பெயரும் எத்தனை மில்லி ஏற்றினார்கள் என்பதும் வழக்கமாக இருக்கும். இல்லையென்றால், ஊசி போட்டபோது எழுதிய மருந்துப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். எழுதிக் கொடுத்தால் 30 நாளுக்குள் தர வேண்டும் என்று ஹிப்பா என்ற அமெரிக்க மருத்துவத் தகவல் சட்டத்தின் விதி சொல்கிறது. பழைய ஸ்கேன்களின் பதிவையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் பலமுறை ஊசி போட்டிருந்தால் எந்த நிறுவனத்தின் சாயம் எப்போது ஏறியது என்ற கேள்வி கட்டாயம் வரும். தொடர்ந்து மருத்துவமனைகள் மாறியவர்கள் இதில்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

படி 4: நோய் என்ன என்பதை உறுதி செய்யுங்கள்

என்எஸ்எஃப் என்றால் தோல் மருத்துவர் தோலில் சிறு துண்டு (பயாப்ஸி) எடுத்துப் பார்ப்பார். சிறுநீரில் காடோலினியம் இருக்கிறது என்ற முடிவு மட்டும் போதாது. ஊசிக்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு அது தெரியத்தான் செய்யும். உலோகத்தை வெளியே எடுக்கிறோம் என்று விளம்பரம் செய்யும் இடங்களில் பணத்தைக் கொட்டுவதற்கு முன் உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் பேசுங்கள். பாதிப்பை எஃப்டிஏயின் மெட்வாட்ச் தளத்தில் நீங்களே புகாராகப் பதியலாம், கட்டணம் இல்லை.

படி 5: உங்கள் வழக்கு எந்த வகை என்று பாருங்கள்

என்எஸ்எஃப் வழக்குகளுக்கு வலு இருந்தது. அவற்றை 2008-ல் ஓஹாயோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்த்தார்கள். பெரும்பாலானவை சமரசத்தில் முடிந்தன. தீர்ப்புவரை போன ஒரு வழக்கில் ஆம்னிஸ்கான் தயாரித்த ஜிஇ ஹெல்த்கேர் 50 லட்சம் டாலர் தர வேண்டும் என்று 2013-ல் ஜூரி சொன்னது. போதிய எச்சரிக்கை தரவில்லை என்பதுதான் அங்கே மையமான குற்றச்சாட்டு.

சிறுநீரகம் நன்றாக இருந்தும் மூளையிலும் எலும்பிலும் காடோலினியம் தங்கி உடல்நலம் கெட்டது என்ற வழக்குகளின் கதை வேறு. உலோகம் தங்குகிறது என்பதை எஃப்டிஏயே ஒப்புக்கொண்டு, 2017 டிசம்பரில் புதிய எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது. ஆனால் அதனால் இன்ன நோய் வந்தது என்று நிரூபிப்பது மிகக் கடினம். நடிகர் சக் நோரிஸும் அவர் மனைவியும் 2017-ல் தொடுத்த வழக்கை 2020-ல் கைவிட்டார்கள். வலியோடு வாழும் ஒருவரிடம் இதைச் சொல்வது எனக்கும் வருத்தம்தான், ஆனால் தெரியாமல் கோர்ட் வாசலுக்குப் போவது அதைவிடக் கொடுமை.

படி 6: காலக்கெடுவைக் கேட்டுவிட்டு வக்கீலை அமர்த்துங்கள்

வழக்குத் தொடுப்பதற்கான காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் பொதுவாக 2 ஆண்டுகள். பாதிப்பும் அதன் காரணமும் தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடும் வழியும் பல மாநிலங்களில் உண்டு. அந்த நாள் எது என்பதிலேயே வாதம் நடக்கும். ஆகவே, டாக்டர் முதன்முதலில் சந்தேகம் சொன்ன தேதியைக் குறித்து வையுங்கள்.

இப்படிப்பட்ட வழக்குகளை எடுக்கும் வக்கீல்கள் பொதுவாக வென்றால் மட்டுமே ஃபீஸ் வாங்குவார்கள். நிபுணர் சாட்சிக்கு ஆகும் செலவு தனி. தோற்றால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.