நகர நெரிசலில் ஏஎம்டி கார் ஓட்டும்போது

2014-இல் மாருதி செலெரியோ வழியாக இந்தியாவுக்கு வந்த ஏஎம்டி (கிளட்ச்சையும் கியரையும் தானாகவே இயக்கும் அமைப்பு) கார்களில் கிளட்ச் மிதி இல்லையே தவிர, உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச்சும் கியர்ப்பெட்டியும்தான். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது ‘டி’ (டிரைவ் – கியர் தானாக மாறும்) நிலையில் கார் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் மாறி மாறித் தாவிக் குலுங்கினால், ‘எம்’ (மேனுவல் – கியரை நாமே தேர்ந்தெடுக்கும்) நிலைக்கு மாற்றி, வேகத்திற்கேற்ப ஒரே கியரில் நிறுத்திக்கொள்ளலாம். வேகம் மிகவும் குறைந்தால் அதுவே முதல் கியருக்கு இறங்கிவிடும்.

மேம்பால ஏற்றத்தில் வண்டிகள் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை இலேசாக மிதித்துக் காரைப் பின்வாங்காமல் பிடித்து வைப்பது பலருக்கும் உள்ள பழக்கம். அப்போது கிளட்ச் பாதி பிடித்த நிலையில் உரசிச் சூடேறி விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், பிரேக்கையோ கைப்பிரேக்கையோதான் பயன்படுத்த வேண்டும். சிக்னலில் நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால் ‘என்’ (நியூட்ரல்) நிலையும் கைப்பிரேக்கும் போதும். ஆனால், எரிபொருள் மிச்சமாகும் என்று எண்ணி, இறக்கத்தில் உருளும் காரை ‘என்’ நிலைக்கு மாற்றக் கூடாது.