மேல்தட்டில் பால் உறைகிறது, கீழ்த்தட்டில் மாவு புளிக்கிறது: ஃபிரிட்ஜில் நாம் செய்யும் தவறுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டு அக்கா போன மாதம் ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். அவருடைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல்தட்டில் இருந்த பால் பாக்கெட் கல்லாக உறைந்திருந்தது. கீழே, காய்கறிப் பெட்டிக்கு மேல் வைத்திருந்த இட்லி மாவோ முந்தின நாள் அரைத்தது. அதற்குள் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. "கேஸ் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்கிறார், தம்பி. 3,000 ரூபாய் ஆகுமாம்" என்றார்.

கேஸ் போன பெட்டியில் பால் எப்படி உறையும்? தட்டுகளைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு கம்பித் தட்டின் மேலும் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, சுவரிலிருந்து கதவு வரை இடுக்கில்லாமல் வெட்டிப் போட்டிருந்தார். எல்லாவற்றையும் உருவி எடுத்தோம். அடுத்து அரைத்த மாவு மூன்று நாள் புளிக்காமல் இருந்தது. ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் குளிர் பிறக்கும் இடம் மேலே இருக்கும் ஃப்ரீசர் மட்டும்தான். காற்றைத் தள்ள உள்ளே விசிறி கிடையாது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தானாகக் கீழே இறங்கும், சூடான காற்று மேலே ஏறும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு வழிவிடத்தான் தட்டைக் கம்பியில் செய்திருக்கிறார்கள். கண்ணாடித் தட்டு என்றால் ஓரத்தில் இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த வழியை விரிப்பாலும் செய்தித்தாளாலும் அடைத்து, தட்டு அகலத்துக்கு ஒரு மாவுக் குண்டானையும் வைத்துவிட்டால் மேலே மார்கழி, கீழே சித்திரை. தெர்மோஸ்டாட்டின் உணர்முனை பெரும்பாலும் ஃப்ரீசரை ஒட்டி இருக்கும். அங்கே குளிர்ந்துவிட்டதும் அது கம்ப்ரஸரை நிறுத்திவிடும். கீழ்த்தட்டின் பாடு அதற்குத் தெரியாது.

இரட்டைக் கதவு ஃபிரிட்ஜில் கதை வேறு. அங்கே விசிறிதான் குளிரைச் சுமந்துவந்து பின்சுவரில் உள்ள துவாரங்கள் வழியாக விடுகிறது. துவாரத்தை ஒட்டிக் கொத்தமல்லிக் கட்டை வைத்தால் அந்தக் கட்டு கருகியதுபோல் உறையும், அதன் முன்னால் இருப்பவை வெதுவெதுப்பாகக் கிடக்கும். நான்கு விரல் இடம் விட்டால் போதும். சில மாடல்களில் ஃப்ரீசர் குமிழ் உண்மையில் காற்றைப் பங்கிடும் கதவு மட்டுமே. ஐஸ் சீக்கிரம் ஆகட்டும் என்று அதைக் கடைசி எண்ணுக்குத் திருப்பினால், கீழ் அறைக்கு வரவேண்டிய காற்றும் மேலேயே நின்றுவிடும்.

கேஸ் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எளிய குடும்பங்களின் பணம் இதில்தான் அதிகம் வீணாகிறது. ஃபிரிட்ஜில் உள்ள வாயு பெட்ரோல்போலத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் அந்தப் பணம் சில வாரங்களில் காற்றோடு போய்விடும். வாயு குறைந்தால் ஃப்ரீசரும் சேர்ந்தே சோர்ந்துபோகும். ஃப்ரீசர் நன்றாக உறைய வைத்து, கீழறை மட்டும் குளிராமல் இருந்தால் முதலில் காற்றின் வழியைச் சந்தேகியுங்கள். இரட்டைக் கதவு ஃபிரிட்ஜில் காற்று வரும் உட்புறக் குழாயில் பனி அடைத்திருக்கலாம். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மின்சாரத்தை நிறுத்தி, ஒரு முழுநாள் கதவைத் திறந்து வையுங்கள். அதன்பின் சில நாள் ஒழுங்காக ஓடி மறுபடியும் பழையபடி ஆனால், பனியை உருக்கும் ஹீட்டரோ அதன் துணைப் பாகங்களோ பழுது. மெக்கானிக்கிடம் அதை அப்படியே சொல்லலாம்.

குமிழில் இருக்கும் 1 முதல் 7 வரையிலான எண்களை டிகிரி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 7 என்றால் அதிகக் குளிர், அவ்வளவுதான். உண்மையில் என்ன வெப்பநிலை என்று அறிய ஒரே வழி அளந்து பார்ப்பது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஃபிரிட்ஜுக்கான வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்து, காலையில் முதல் ஆளாகக் கதவைத் திறந்து பாருங்கள். 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் வேகமாகப் பெருகும் எல்லை. அதே டம்ளரை மறுநாள் கதவுத் தட்டில் வைத்தால் எண் கூடியிருக்கும், ஏனென்றால் பெட்டியிலேயே அதிகம் சூடேறும் இடம் கதவுதான். பாலை அங்கே வைக்காதீர்கள். ஊறுகாய், சாஸ், தண்ணீர் பாட்டிலுக்கு அந்த இடம் போதும்.

இனி மீன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் இருக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தடை முடிந்து விசைப்படகுகள் கரைக்கு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை எல்லா வீட்டு ஃப்ரீசரும் நிரம்பிவிடும். வெயிலோ இன்னும் இறங்கியிருக்காது. இரண்டு மாத ஏக்கத்தில் மூன்று நான்கு கிலோ வாங்கி, கழுவி, ஒரே பையில் கட்டி ஃப்ரீசரில் திணிக்கிறோம். மறுநாள் பிரித்துப் பாருங்கள்: வெளிப்புறம் பாறை, நடுவில் இருக்கும் துண்டு விரலால் அழுத்தினால் அமுங்கும். அந்த நடுத்துண்டு இரவெல்லாம் சூட்டிலேயே கிடந்திருக்கிறது.

துறைமுகத்தில் பெட்டி அடுக்குபவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அடியில் பொடித்த ஐஸ், அதன்மேல் ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ், மறுபடி மீன். ஒவ்வொரு மீனும் ஐஸைத் தொட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. வீட்டிலும் அதே கணக்குதான். ஒருவேளைச் சமையலுக்கு எவ்வளவோ அவ்வளவாகப் பிரித்து, ஒரு வரிசையாகத் தட்டையாகப் பரப்பி, ஃப்ரீசரின் தரையைத் தொடும்படி வையுங்கள். நன்றாக உறைந்தபின் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம்.

கானாங்கத்தை, சூரை, மத்தி ஆகியவற்றில் இது உயிர்ப் பிரச்சினை அளவுக்கு முக்கியம். இந்த மீன்கள் சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகும். உருவான பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலைவலி வரும். "எனக்கு மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று பலர் காலத்துக்கும் மீனை விட்டுவிடுகிறார்கள். தவறு குளிரில் நடந்திருக்கும். நீண்ட நாள் சேமிக்க ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் அந்த அளவுக்கு இறங்குவதில்லை, ஆகவே சில நாளில் சமைத்து முடித்துவிடுவது நல்லது.

கடற்கரை ஊரின் ஈரக்காற்று கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே புகுந்து பனியாகப் படியும். பனி தடித்தால் அது கம்பளிபோலக் குளிரை மறைக்கும். அரை சென்டிமீட்டர் ஏறியதுமே உருக்கிவிடுங்கள். கத்தியாலோ கரண்டிக் காம்பாலோ மட்டும் குத்தாதீர்கள். அந்தத் தகட்டுக்குள்தான் வாயுக் குழாய் ஓடுகிறது. ஒரு குத்தில் 'உஸ்' என்று சத்தம் வந்தால் ஃப்ரீசரையே மாற்ற வேண்டிவரும். புதிய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஐசோபியூட்டேன் என்ற வாயு தீப்பற்றக்கூடியது. அப்படிச் சத்தம் கேட்டால் அடுப்பையும் விளக்கையும் தொடாமல் முதலில் ஜன்னலைத் திறங்கள்.

கதவு ரப்பரில் பத்து ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் பிடிக்கவில்லை. சோப்புத் தண்ணீரால் துடைத்தாலே பாதி ரப்பர்கள் சரியாகிவிடும். குழந்தைகள் கதவைத் திறப்பதற்காகத் திட்டுகிறோமே, அதைவிட இரவும் பகலும் கசியும் இந்த ரப்பர்தான் பெரிய எதிரி.

சிறிய வீடுகளில் ஃபிரிட்ஜும் அடுப்பும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். வேறு இடம் இல்லையென்றால் நடுவில் ஒரு பலகையாவது வையுங்கள். பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஃபிரிட்ஜின் பக்கச் சுவர் தொட்டால் சுடுகிறது என்று பயப்பட வேண்டாம். பல மாடல்களில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய் அதற்குள்தான் இருக்கிறது. அதன்மேல் துணி உறை போர்த்துவதுதான் தவறு.

சுடச்சுடக் குழம்பை உள்ளே வைத்தால் பக்கத்தில் உள்ள பாலும் சூடேறும். அதற்காக ராத்திரி வரை வெளியே விடுவதும் ஆகாது. அகலமான பாத்திரத்தில் ஊற்றித் தண்ணீர்த் தட்டில் ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள், கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், உள்ளே வைத்துவிடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கும்போதும் இதே சீரின்மை உண்டு: ஓரம் கொதிக்கும், நடு சில்லென்றிருக்கும். பாதியில் ஒருமுறை கிளறி, எடுத்தபின் இரண்டு நிமிடம் மூடி வையுங்கள்.

மின்தடை பற்றி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம். ஊருக்குப் போயிருக்கும்போது மின்சாரம் எவ்வளவு நேரம் இல்லை என்று யாருக்குத் தெரியும்? புறப்படும் முன் ஒரு கிண்ணத் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் நல்லது. ஐஸுக்குள் அடியில் கிடந்தால், எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்த மீனைச் சமைக்காதீர்கள்.