செகிரோ: ஒரே ஆட்டத்தில் நான்கு முடிவுகளையும் பார்ப்பது எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவு முழுக்க ஸ்பாய்லர்தான். கதை தெரியாமல் விளையாட நினைப்பவர்கள் படி 2 வரை மட்டும் படித்துவிட்டு ஓடிவிடுங்கள்.

செகிரோ 2019 மார்ச் 22 அன்று வெளிவந்த வீடியோ கேம். ஃப்ரம்சாஃப்ட்வேர் செய்தது, இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. நான் அதை இரண்டு வருடம் கழித்துத்தான் வாங்கினேன். தந்தை சொல் மந்திரம் என்று பள்ளியில் ஒப்பித்து வளர்ந்தவன் நான். ஆட்டத்தில் நாயகனின் வளர்ப்புத் தந்தை (பெயர் ஆந்தை) வந்து "நான் சொல்வதைச் செய்" என்றதும் யோசிக்காமல் சரி என்று அழுத்திவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு சண்டை. அந்த இரண்டுக்கும் மூன்று ராத்திரி செத்துச் செத்துப் பிழைத்து, ஜெயித்தோம் என்று நிமிர்ந்தால் திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. ஆட்டமே முடிந்துவிட்டது! கடைசிப் பெரிய இடம், டிராகன், உண்மையான கடைசி பாஸ் எதையும் நான் பார்க்கவே இல்லை.

அதற்கப்புறம் உட்கார்ந்து ஆராய்ந்ததில் தெரிந்தது: நான்கு முடிவுகளைப் பார்க்க நான்கு முறை விளையாட வேண்டியதில்லை. சரியான இரண்டு இடங்களில் சேவ் ஃபைலை நகல் எடுத்து வைத்தால் ஒரே ஆட்டம் போதும். அந்த இரண்டு இடங்கள் எவை, நடுவில் எங்கே கவிழ்வீர்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

(இதில் வரும் நாயகன் ஷினோபி, அதாவது நிஞ்ஜா, சாமுராய் இல்லை என்று பின்னூட்டம் போட வருபவர்களுக்கு: தெரியும். ஆனால் அவன் வெட்டிச் சாய்ப்பதெல்லாம் ஜப்பானின் உள்நாட்டுப் போர்க் காலமான செங்கோகு காலத்து அஷினா நாட்டுச் சாமுராய்களைத்தான். சாமுராய்தான் வேண்டும் என்றால் கோஸ்ட் ஆஃப் சுஷிமா இருக்கிறது. ஆனால் அதில் கதை பிரிவது கடைசியில் ஒரே ஒரு இடத்தில், மாமா ஷிமுராவைக் கொல்வதா விடுவதா என்பதில் மட்டும். அதற்கெல்லாம் பதிவு தேவையில்லை.)

படி 1: கன்ட்ரோலர் வாங்குங்கள்

கீபோர்டில் முடித்தவர்கள் இருக்கிறார்கள், வணங்குகிறேன். என் விரல்களுக்கு அது ஒத்துவரவில்லை. எதிரியின் வெட்டைச் சரியான நொடியில் தடுப்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். அதற்குத் தோள் பட்டன் உள்ள ஏதாவது ஒரு கன்ட்ரோலர் போதும், விலை உயர்ந்தது வேண்டாம்.

இன்னொன்று, ஒரு நோட்டுப் புத்தகம். காணொளி பார்த்துக்கொண்டே விளையாடினால் எந்த ஆளிடம் பேசினோம், யாரிடம் பேசவில்லை என்பது நிச்சயம் குழம்பும். நான் பேனாவால் எழுதி ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். சிரிக்காதீர்கள், பிறகு நன்றி சொல்வீர்கள்.

படி 2: சேவ் ஃபைலை நகல் எடுப்பது

இந்த ஆட்டம் தானாகவே சேமித்துக்கொண்டே இருக்கும். "இங்கே ஒரு சேவ் போட்டுவிட்டு அப்புறம் திரும்பி வரலாம்" என்பது உள்ளே கிடையாது. அதனால் வெளியே இருந்து செய்ய வேண்டும்.

கம்ப்யூட்டரில்: ஆட்டத்தை முழுவதுமாக மூடுங்கள். ரன் பெட்டியில் ஆப்டேட்டா என்பதை இரண்டு பக்கமும் சதவீதக் குறி போட்டு அடித்தால் ஒரு ஃபோல்டர் திறக்கும். அதற்குள் செகிரோ, அதற்குள் வெறும் எண்களால் ஆன பெயரில் இன்னொரு ஃபோல்டர், அதற்குள் எஸ்0000 என்று தொடங்கும் கோப்பு. அதுதான் உங்கள் முழு வாழ்க்கையும். வேறொரு இடத்தில் ஒட்டி, "ஆந்தைக்கு முன்" என்பது போலப் புரியும்படி பெயர் வையுங்கள். நான் முதலில் "புதியது", "புதியது 2" என்று வைத்துவிட்டு, எது எதற்கு முன் என்று தெரியாமல் முழித்தேன். இதற்கென்றே தனி மென்பொருள்கள் கிடைக்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. ஒரு கோப்பைக் கையால் நகலெடுக்க மென்பொருள் எதற்கு?

பிஎஸ்4 வைத்திருப்பவர்கள் யுஎஸ்பியில் எடுத்து வைக்கலாம்.

சேர்த்தது: நகலைத் திரும்ப வைத்த பிறகும் பழைய இடத்துக்குப் போகவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். விசாரித்தால், ஒருவர் ஆட்டத்தை மூடாமலே கோப்பை மாற்றியிருக்கிறார். ஆட்டம் தன் பங்குக்கு மறுபடி சேமித்து, வைத்ததை அழித்துவிட்டது. இன்னொருவருக்குக் கிளவுட் சேமிப்பு குறுக்கே வந்திருக்கிறது. எந்தக் கோப்பை வைத்துக்கொள்ள என்று கேட்டால், உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதையே தேர்ந்தெடுங்கள்.

படி 3: ஆந்தைக்கு முன் முதல் நகல்

கதைக்காகத் தேடும் மூன்று பொருள்கள், அதாவது சாவாதவரையும் கொல்லும் சாவாக் கத்தி, தாமரை, ஷெல்டர் ஸ்டோன் எனும் கல், மூன்றும் கைக்கு வந்த பிறகு அஷினா கோட்டையை எதிரிப் படை வந்து சூழ்ந்துவிடும். கோட்டைக்குள் நுழைந்ததும் வழக்கத்துக்கு மாறான ஆட்கள் நடமாடினால் அதுதான் அடையாளம். நாயகன் காக்கும் சிறுவன், அவனுடைய எஜமானன் குரோ. அவன் அறைக்கு மேலே ஏறுவதற்கு முன் நிறுத்துங்கள். ஆட்டத்தை மூடுங்கள். நகல் எடுங்கள்.

மேலே போனால் செத்துப்போனதாக நினைத்த வளர்ப்புத் தந்தை ஆந்தை நிற்பார். ஷினோபிகளின் இரும்பு விதியில் முதல் வரியே பெற்றவர் சொல்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்பது. எஜமானன் அதற்கு அடுத்துத்தான். குரோவைக் கைவிடு என்று அவர் கேட்கிறார். இரண்டு விடைகள்.

விதிக்குக் கீழ்ப்படிந்தால் மருத்துவர் எம்மாவோடும், அப்புறம் அஷினாவின் தலைவரான கிழவர் இஷினோடும் சண்டை. ஜெயித்தால் ஷுரா முடிவு. கொல்வதற்காகவே கொல்லும் ஒருவனாக நாயகன் மாறிவிடுகிறான். இந்த ஷுரா வேறு யாருமில்லை, நம் அசுரன்தான். புத்த மதத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போய் அஷுரா ஆகி, சுருங்கி ஷுரா ஆகிவிட்டான். இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியை மறுபடி பார்த்தேன், வேறு மாதிரி இருந்தது.

ஷுராவை முடித்துவிட்டு நகலைத் திரும்ப வையுங்கள். ஷுராவுக்குக் கிடைத்த டிராபி அப்படியே இருக்கும், கவலை வேண்டாம். இப்போது விதியை மீறுங்கள். ஆந்தையோடு சண்டை. வாளைத் தலைக்கு மேல் ஓங்கி இறக்கும்போது பின்னால் ஓடாமல் பக்கவாட்டில் விலகி ஒரு வெட்டு, ஒரே ஒரு வெட்டு. பேராசைப்பட்டால் போச்சு.

படி 4: ஒட்டுக்கேட்பது (இங்கேதான் நான் கவிழ்ந்தேன்)

ஒட்டுக்கேட்பது கெட்ட பழக்கம் என்று சொல்லித்தான் வீட்டில் வளர்த்தார்கள். இந்த ஆட்டத்தில் அது இல்லாமல் மூன்றாவது முடிவே கிடையாது.

ஆந்தையை வீழ்த்திய பிறகு செய்ய வேண்டியது:

முதலில் குரோவின் அறையில், அவன் தனியாகப் பேசிக்கொண்டிருப்பதை மறைவில் நின்று ஒட்டுக்கேளுங்கள். பிறகு அவனிடமும், பக்கத்திலேயே இருக்கும் எம்மாவிடமும் பேசுங்கள். பேச்சு திரும்பத் திரும்ப ஒரே வரிக்கு வரும் வரை பேசுங்கள். அடுத்து, ஓய்வெடுப்பதற்காகவே அங்கங்கே இருக்கும் சிலைகளில் ஒன்றின் அடியில் ஓய்வெடுங்கள். எம்மா இடம் மாறி, ஓல்ட் கிரேவ் என்று பட்டியலில் வரும் சிலைக்குப் பக்கம் போயிருப்பாள். அங்கே ஒட்டுக்கேட்டு, பிறகு நேரில் பேசுங்கள். மறுபடி ஓய்வு. அப்புறம் பாழடைந்த கோவிலுக்கு வாருங்கள். அங்கேயே வாழும் சிற்பியும் எம்மாவும் பேசிக்கொண்டிருப்பதை ஒட்டுக்கேட்டு, எம்மாவிடம் பேசினால் ஒரு மணியைத் தருவாள். அதைக் கோவிலில் இருக்கும் புத்தர் சிலைக்குப் படைத்தால் ஹிராட்டா மாளிகை நினைவு இரண்டாவது முறை திறக்கும். அதன் கடைசியில் இளமையான, இன்னும் வேகமான ஆந்தை. அவரை வீழ்த்தினால் கிடைக்கும் பூதான் மூன்றாவது முடிவின் சாவி.

எழுதும்போது எவ்வளவு எளிதாக இருக்கிறது பாருங்கள். எனக்கு இதில் ஒரு வாரம் போயிற்று. காரணம் இரண்டு.

ஒன்று, பக்கத்தில் நின்று காதில் விழுந்தால் போதும் என்று நினைத்தேன். போதாது. சுவரோடு அல்லது தட்டியோடு ஒட்டி நிற்கும்போது ஒட்டுக்கேட்கச் சொல்லும் குறிப்பு திரையில் வரும். அதை அழுத்தி, பேச்சு முழுவதும் முடியும் வரை அசையாமல் இருக்க வேண்டும். நான் பாதியில், புரிந்துவிட்டது என்று நகர்ந்துவிட்டேன்.

இரண்டு, ஓய்வெடுப்பதை விட்டுவிட்டேன். எம்மா நடந்து போவதை நாம் பார்க்கவே மாட்டோம். சிலையடியில் உட்கார்ந்து எழுந்தால்தான் அவள் இடம் மாறுவாள். நான் அறையிலிருந்து நேராக ஓடிப் போய் ஓல்ட் கிரேவில் அவளைத் தேடி, ஆட்டத்தில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, மொத்தத்தையும் அழித்து மறுபடி பதிவிறக்கம் செய்தேன். பல மணி நேரம் பதிவிறக்கி, மறுபடி அதே வெற்றுக் கல்லறை. அப்புறம் தற்செயலாக ஒரு சிலையில் உட்கார்ந்து எழுந்தேன். அம்மையார் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

ஆகவே விதி: ஒவ்வொரு பேச்சுக்கும் பிறகு ஒரு ஓய்வு. தேவையோ இல்லையோ உட்காருங்கள்.

படி 5: அரிசி, பழம், பாம்பு

நான்காவது முடிவு செம்போ கோவிலில் இருக்கும் சிறுமியோடு சம்பந்தப்பட்டது. உங்களுக்குச் சாவாக் கத்தியைக் கொடுத்தவள் அவள்தான். அவளிடம் அரிசி கேளுங்கள். ஓய்வெடுத்துவிட்டு மறுபடி போய்க் கேளுங்கள். கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அவளுக்கு உடம்பு முடியாமல் போகும். அப்போது ஒரு பெர்சிமன் பழம் கொடுங்கள். பழத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள், வழியில் கண்ணில் பட்டதையெல்லாம் தின்றுவிடாதீர்கள். அதன் பிறகு குரோவுக்கென்று தனியாக அரிசி தருவாள். அதைக் கொண்டு போய்க் குரோவிடம் கொடுத்தால் இனிப்பு அரிசி உருண்டை செய்து தருவான். அதைச் சாப்பிட்டுவிட்டு அவனிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். சாப்பிடாமல் பையில் வைத்திருந்தால் கதை நகராது. ஊரிலிருந்து வந்த பலகாரத்தைப் பத்திரப்படுத்துகிற ஆட்கள் கவனிக்க.

பிறகு அவள் ஒரு புனித ஏடு பற்றிப் பேசுவாள், அதைத் தேடிக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் இரண்டு பாம்புக் குடல்கள், ஒன்று காய்ந்தது, ஒன்று பச்சை. காய்ந்தது, அந்த ராட்சதப் பாம்பு காவல் காக்கும் குகையில் இருக்கிறது. மறைகுரங்குகளை வீழ்த்தினால் கிடைக்கும் பொம்மலாட்ட வித்தையை அங்கே இருக்கும் குரங்கின் மேல் செலுத்துங்கள். பாம்பு அதன் பக்கம் திரும்பும்போது எடுத்துக்கொண்டு ஓடுங்கள். பச்சைக் குடல் வேண்டுமென்றால் உயரத்திலிருந்து பாம்பின் தலை மேல் குதித்துக் குத்த வேண்டும். இந்த ஆட்டம் முழுவதும் உங்களை மென்று துப்பிய பிராணியை ஒரே குத்தில் முடிக்கும் சுகம் இருக்கிறதே, அதற்காகவே இந்தப் படியைச் செய்யலாம். இரண்டையும் அவளிடம் கொடுத்து, ஓய்வெடுத்துத் திரும்பினால் உறைந்த கண்ணீர் கிடைக்கும்.

முக்கியமான எச்சரிக்கை. படி 4, படி 5 இரண்டையும் டிராகனைச் சந்திக்கும் முன் முடித்துவிடுங்கள். டிராகனின் கண்ணீரை எடுத்துக்கொண்டு திரும்பும்போது கோட்டை பற்றி எரிந்துகொண்டிருக்கும். குரோ அறையில் இருக்க மாட்டான், எம்மாவும் பழைய இடத்தில் இருக்க மாட்டாள். அரிசியை யாரிடம் கொடுப்பீர்கள்? பின்னூட்டத்தில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எம்மாவைக் காணவில்லை" என்பதுதான். எல்லோரும் கண்ணீரோடு நின்றுகொண்டிருந்தார்கள், இரண்டு அர்த்தத்திலும்.

படி 6: கடைசிச் சண்டை

இதில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. முதலில் இஷினின் பேரன் கெனிசிரோ, அவனை வீழ்த்தியதும் இளமையோடு எழுந்து வரும் இஷின். இஷினை மட்டும் மூன்று முறை சாய்க்க வேண்டும். எனக்கு இரண்டு வாரம். அடிக்கடி சாவதால் ஊர் மக்களுக்கு வரும் டிராகன் நோயைப் பார்த்துப் பயப்படாதீர்கள், முடிவுகள் எதையும் அது மாற்றாது. பயந்துபோய் இதை எனக்கு எழுதிக் கேட்டவர்கள் நிறையப் பேர்.

படி 7: குரோவிடம் பேசும் முன் இரண்டாவது நகல்

இஷின் விழுந்ததும் நாணல் வெளியில் குரோ படுத்திருப்பான். அவனிடம் போகாதீர்கள். ஆட்டத்தை மூடுங்கள், நகல் எடுங்கள்.

இப்போது பேசினால், கையில் எல்லாம் இருக்கும் பட்சத்தில் மூன்று தேர்வுகள் வரும். கண்ணீரை மட்டும் கொடுத்தால் ஒரு முடிவு. கண்ணீரோடு பூவையும் கொடுத்தால் இன்னொன்று. கண்ணீரோடு உறைந்த கண்ணீரைக் கொடுத்தால் மூன்றாவது. ஒன்றைப் பாருங்கள், நகலைத் திரும்ப வையுங்கள், அடுத்ததைப் பாருங்கள். இஷினோடு மறுபடி மோத வேண்டியதே இல்லை.

எந்த வரிசையில் பார்ப்பது என்று கேட்டால், கண்ணீர் மட்டும் கொடுப்பதை முதலில் பாருங்கள். நாயகன் அதில் என்ன ஆகிறான் என்பதைப் பார்த்த பிறகு, அந்தப் பாழடைந்த கோவிலில் உட்கார்ந்து ஓயாமல் புத்தர் சிலை செதுக்கும் சிற்பியை உங்களால் சாதாரணமாகப் பார்க்க முடியாது. பூ முடிவு இரண்டாவது. அதைப் பார்க்கும்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் மனைவி உள்ளே வந்து "எதுக்கு அழறீங்க, தோத்துட்டீங்களா?" என்றாள். சிறுமியோடு மேற்கே நடக்கும் முடிவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் சேர்த்தது: முடிவு ஓடியதும் அடுத்த சுற்றைத் தொடங்கவா என்று ஆட்டம் கேட்கும். ஒருவர் அவசரத்தில் ஆமாம் என்று அழுத்திவிட்டு, எல்லாம் போயிற்று என்று எழுதியிருந்தார். படி 7இல் எடுத்த நகல் அவரிடம் இருந்தது. அதற்கு வைத்திருந்த பெயர் "புதியது 2".