எடை குறைக்கத் தொடங்குகிறீர்களா? முதலில் உடலின் பதற்றத்தைத் தணியுங்கள்

சாப்பாட்டைக் குறைத்தாயிற்று, நடையும் நடக்கிறோம், எடை மட்டும் அசையவில்லை என்று வருந்துபவர்கள் பலர். அவர்களிடம் நான் முதலில் கேட்பது தட்டில் என்ன இருக்கிறது என்பதை அல்ல, இரவு எப்படித் தூங்குகிறீர்கள் என்பதைத்தான்.

ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் உடலை அவசரத்துக்குத் தயார்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. நொடிகளில் அட்ரினலின் சுரந்து பசியை அடக்கும். சற்று நேரத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் உயரும். ரத்தத்தில் சர்க்கரை கூடும். ஓடவோ போராடவோ இந்த ஏற்பாடு நன்று. ஆனால் வேலைக் கெடுவும் கடன் கவலையும் ஓடித் தப்பக்கூடியவை அல்ல. கார்டிசால் நீடித்தால் இனிப்பும் கொழுப்பும் கலந்த உணவின் மேல் நாட்டம் பெருகும். வயிற்றின் உட்புறத்தில் கொழுப்பு சேரும் போக்கும் கூடும். சாப்பிடாத உணவு கொழுப்பாக மாறாது, அது உண்மை. எவ்வளவு சாப்பிடத் தோன்றுகிறது என்பதைத்தான் மன அழுத்தம் மாற்றுகிறது.

படி 1: ஒரு வாரம் குறித்து வையுங்கள். எதையும் மாற்ற வேண்டாம். சாப்பிடும் முன் நேரம், பசியின் அளவு, மனநிலை மூன்றையும் எழுதினால் போதும்.

படி 2: தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். 2004-இல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில், இரண்டு இரவுகள் 4 மணி நேரமே படுத்த இளைஞர்களுக்கு, வயிறு நிறைந்த உணர்வு தரும் லெப்டின் என்ற ஹார்மோன் 18% குறைந்தது. பசி தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28% உயர்ந்தது. 2010-இல் அங்கே நடந்த இன்னொரு சிறிய ஆய்வு இன்னும் முக்கியமானது. அதே ஆட்களுக்கு இரண்டு முறையும் ஒரே அளவு குறைந்த உணவுதான். இரண்டு வாரங்களில் எடை இழப்பும் ஏறக்குறைய ஒன்றே, 3 கிலோ. 8.5 மணி நேரம் படுத்தபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு, 5.5 மணி நேரம் படுத்தபோது 0.6 கிலோதான். மீதி தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத எடை. தராசு இந்த வித்தியாசத்தைக் காட்டவே காட்டாது!

தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். எழுந்ததும் வெளிச்சத்துக்குப் போங்கள். குடித்த காபியின் காஃபீனில் பாதி, சுமார் 5 மணி நேரத்துக்குப் பிறகும் உடலில் இருக்கும். எனவே பிற்பகலுக்கு மேல் காபி வேண்டாம்.

படி 3: மூச்சை நீட்டி விடுங்கள். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். மூச்சை மெல்ல விடும்போது துடிப்பு சற்று நிதானமாவது பலருக்குத் தெரியும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதை அமைதிப்படுத்தும் தருணம் அது. 4 நொடி உள்ளே, 6 நொடி வெளியே. சாப்பிடுவதற்கு முன் 5 நிமிடம் செய்யுங்கள். பதற்றத்தில் அள்ளிச் சாப்பிடுவது இதனால் குறையலாம்.

படி 4: உணவை மெல்லக் குறையுங்கள். கடுமையான பத்தியமே கார்டிசாலை உயர்த்தக்கூடும். நாளுக்கு 300 முதல் 500 கலோரி குறைத்தால் போதும். வேளைதோறும் புரதம் இருக்கட்டும்.

படி 5: நாளுக்கேற்ற உடற்பயிற்சி. நன்றாகத் தூங்கிய நாளில் எடை தூக்குங்கள். தூக்கம் கெட்ட நாளில் நடை போதும், குற்ற உணர்வு வேண்டாம்.

படி 6: வாரச் சராசரியைப் பாருங்கள். உடலில் நீர் தங்கினால் ஒரே இரவில் ஒரு கிலோ கூடலாம், அது கொழுப்பல்ல. தினமும் காலையில் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை முந்தைய வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

உரத்த குறட்டை, பகலில் அடக்க முடியாத தூக்கம், முகம் உருண்டு வீங்குதல், வயிற்றில் அகலமான ஊதா நிறக் கோடுகள் ஆகியவை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களுக்கும் எடை கூடலாம். ஆனால் அந்த மருந்தை நீங்களாகவே திடீரென நிறுத்தக் கூடாது, அது ஆபத்து.