நேப்பிள்ஸின் பாஸ்தா எ பட்டாட்டே: ஒரே பாத்திரத்தில் குளிர்கால இரவுச் சாப்பாடு

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துச் சாப்பாடு இது. உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் ஒன்றாக வெந்து, கரண்டியில் ஒட்டி நிற்கும் பதம்தான் இதன் உயிர். சூப் மாதிரி ஓடினால் அது நேப்பிள்ஸ் பக்குவம் இல்லை.

இரண்டு பேருக்கு: உருளைக்கிழங்கு 400 கிராம், சின்ன பாஸ்தா 160 கிராம், ஒரு வெங்காயம், பாதி செலரித் தண்டு, நான்கு செர்ரி தக்காளி, ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, புகையூட்டிய புரோவோலா சீஸ் (மொஸரெல்லா போல உருகி இழுபடும் இத்தாலியச் சீஸ்) 80 கிராம். பார்மேசான் சீஸின் கெட்டித் தோல் ஒரு துண்டு இருந்தால் விடாதீர்கள். வெளிப்புறத்தைச் சுரண்டிக் கழுவிப் போட்டால் குழம்பு முழுக்க ருசி இறங்கும்.

கிழங்கை ஒன்றரை செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். நறுக்கிய பிறகு அலசக் கூடாது. அந்த மாவுச்சத்துதான் குழம்பைக் கெட்டியாக்கும்.

அடிகனமான பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றி, வெங்காயம், செலரியைச் சிறுதீயில் 8 நிமிடம் வதக்குங்கள், சிவக்க வேண்டாம். கிழங்கு, தக்காளி, சீஸ் தோல், உப்பு, 800 மி.லி. வெந்நீர் சேர்த்து மூடி 20 நிமிடம் வேகவிடுங்கள். கால்வாசிக் கிழங்கை மசித்துவிட்டு, பாஸ்தாவைக் கொட்டுங்கள். இனி அடுப்பை விட்டு நகராதீர்கள்: அடிக்கடி கிளறாவிட்டால் அடிப்பிடிக்கும். தண்ணீர் வற்றினால் வெந்நீரை மட்டும், ஒரு கரண்டியாக ஊற்றுங்கள்.

பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே அடுப்பை அணைத்துவிட்டு சீஸைச் சேர்த்துக் கிளறுங்கள். கொதிக்கும்போது போட்டால் சீஸ் ரப்பராகத் திரண்டு எண்ணெய் பிரிந்துவிடும். மூடி 3 நிமிடம் வைத்து, மிளகுத்தூள் தூவிப் பரிமாறுங்கள்.