கோப்புறைப் பெயரில் ஆண்டு முதலில் வரட்டும்

ஒளிப்படங்களைக் கணினியில் சேமிக்கும்போது, கோப்புறையின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கி, அதன்பின் நிகழ்வைக் குறிப்பிடுங்கள்: ‘2024-03-09 திருமணம்’ என்பதுபோல. கணினி பெயர்களை இடமிருந்து வலமாக ஒப்பிட்டு அடுக்குவதால், ஆண்டு முதலில் நின்றால் பெயர்வரிசையே காலவரிசையாகிவிடும்; நாளை முதலில் எழுதினால், வெவ்வேறு ஆண்டுகளின் 9ஆம் தேதிப் படங்கள் ஒன்றாகக் குவிந்துவிடும். மார்ச் மாதத்தை 3 என்று எழுதாமல் 03 என்றே எழுத வேண்டும். இல்லாவிட்டால் சில மென்பொருள்களில் 10ஆம் மாதம் 2ஆம் மாதத்துக்கு முன்னே போய் நிற்கும்.

கோப்பு உருவாக்கப்பட்ட தேதியை நம்பி இதைத் தவிர்க்க வேண்டாம். வேறு வட்டுக்கு நகலெடுக்கையில் அது நகலெடுத்த நாளாக மாறிவிடக்கூடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்தவற்றில் கேமரா பதித்த தேதியும் பெரும்பாலும் இருக்காது. கோப்புறையின் பெயரோ எந்த வட்டுக்குச் சென்றாலும் மாறாது என்பதால், காப்பு நகலில் எந்த நிகழ்வு விடுபட்டது என்பதையும் இரு பட்டியல்களை ஒப்பிட்டே கண்டுகொள்ளலாம். எனக்கு இதுவே பெரிய பயனாகத் தோன்றுகிறது.

கைப்பேசியின் கேலரி செயலிகள் பொதுவாகப் படத்துக்குள் பதிந்த தேதியைக் கொண்டு அடுக்குவதால், அங்கு மட்டும் படம் பார்ப்பவர்களுக்கு இது தேவைப்படாது. ஸ்கேன் செய்த பழைய அச்சுப் படங்களுக்கு நாள் தெரியாவிட்டால், ஊகித்து எழுதாமல் ஆண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.